டேப்பு டீச்சருக்கு நாங்க போட்ட குலவை

கல்யாண வீட்டுக்கு வந்து அழுது, செத்த வீட்டுக்குச் சிரிச்ச முகமா வந்து, ரெண்டு வீட்டுலயும் "இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னு கேட்ட ஒரே மனுசி, இந்த விருதுநகர் ஜில்லாவுலயே எங்க டேப்பு டீச்சருதான். இதுல ஒரு சொல்லு நான் கூட்டிச் சொல்லல. கூட்டிச் சொன்னா இன்னும் நல்லாயிருக்கும், அது வேற.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி போன்ல தட்டுறா. "பாட்டி, இதெல்லாம் பத்திரிகையில போட மாட்டாக"ன்னு ஒண்ணு ரெண்டை விழுங்கப் பாப்பா. நான் விடுவேனா, திரும்ப வாசிச்சுக் காட்டச் சொல்லுவேன்.

டீச்சருக்கு ஊரு விருதுநகர். அங்கன ஒரு காலேஜுல பெரிய வாத்தியாரம்மா. சொந்தப் பேரு ஒண்ணு இருக்கு, ஏசுவைக் கும்பிடுறவுக வைக்கிற வேதக்காரப் பேரு, ஆனா எங்க நாரணாபுரத்துல ஒருத்தருக்கும் அது வாயில வராது. எந்நேரமும் கையில தீப்பெட்டி கணக்கா ஒரு டேப்பு வச்சிருப்பாக. பேசுறது, பாடுறது, ஏசுறது எல்லாத்தையும் அது பிடிச்சுக்கிரும். அதனால டேப்பு டீச்சர்.

அவுகளை நான் மொதல்ல பாத்தது தண்ணிக் குழாயடியில. எனக்கும் சீனியம்மாளுக்கும் சண்டை. சீனியம்மா எனக்கு மதினி முறை. பட்டாசுக் கம்பெனியில என் கூடவே சரவெடி பின்னுறவ. வேலை நேரத்துல பேசக்கூடாதுன்னு போர்மேன் சொல்லிருவாரு, அதனால அங்கன அடக்கி வச்சதெல்லாம் குழாயடியிலதான் வெளிய வரும். அன்னைக்கு நான் அவ மாமியாரு, மாமியாருக்கு மாமியாருன்னு வரிசையா தோண்டி எடுத்து வெயில்ல காயப் போட்டுக்கிட்டு இருக்கேன். பின்னால யாரோ மூச்சு விடுற சத்தம். திரும்பிப் பாத்தா, கண்ணாடி போட்ட ஒரு அம்மா கையை நீட்டிக்கிட்டு நிக்காக. கையில டேப்பு.

"நிப்பாட்டிறாதீங்கம்மா. ரொம்ப அருமையா போயிட்டிருக்கு"ன்னாக.

அவுக கிட்ட வந்து, "கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, அப்ப மோட்டார் சைக்கிள் ஒண்ணு போயிருச்சு. அதை மட்டும் திரும்பச் சொல்றீங்களா?"ன்னு கேக்காக. எனக்கு என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல. சீனியம்மாதான் எடுத்துக் குடுத்தா. "எங்க மாமியா கஞ்சிக்கு உப்புக் கடன் வாங்குன கதைக்கு வந்தீக மதினி, அதுலருந்து ஆரம்பிங்க"ன்னா. அதோட அந்தச் சண்டை செத்துச்சு. ஒரு ஏச்சை ரெண்டாந்தடவை நிதானமா சொல்லிப் பாருங்க, சிரிப்புத்தான் வரும்.

அதுக்குப் பிறகு டீச்சர் எங்க ஊருக்கு வாரத்துக்கு ஒருக்கா வர ஆரம்பிச்சாக. வந்து சேருறதுதான் கஷ்டம். பஸ்ஸுல வரும்போது எங்கயாச்சும் கொட்டுச் சத்தம் கேட்டா, கண்டக்டரு விசிலைத் தேடுறதுக்குள்ள இறங்கிருவாக. ஒரு ஞாயித்துக்கிழமை அவுக சர்ச்சுக் கோயில்ல பிரசங்கம் நடந்துக்கிட்டு இருக்கயில தெருவுல முளைப்பாரி போயிருக்கு. பாதிரி அய்யரு கண்ணை மூடி செபம் பண்ணி முடிச்சுக் கண்ணைத் திறந்தா டீச்சரு இல்ல. அவுக முளைப்பாரி கூட்டத்துல நடுவுல நடந்து போய்க்கிட்டு இருக்காக, கையில வேதப்புத்தகத்தோட. அடுத்த வாரம் அய்யரு கேட்டாராம். "அவுகளும் சாமியைத்தானே கும்பிடப் போனாக, நான் வழித்துணைக்குப் போனேன்"னு சொன்னாகளாம். அய்யரும் நல்ல மனுசன், "பாட்டைப் பிடிச்சீங்களா, போடுங்க கேப்போம்"னுட்டாரு.

ஒருக்கா பாய் வீட்டுக் கல்யாணத்துல பொம்பளைக பாடுவாகன்னு கேள்விப்பட்டுப் போயிருக்காக. அவுக வந்த விருந்தாளியைப் பட்டினியா விடுவாகளா. பாட்டு ஆரம்பிக்கிற நேரமெல்லாம் ஒரு தட்டு வந்து மடியில உக்காந்திருக்கு. திரும்ப வந்து டேப்பைப் போட்டா, பாட்டு ஒண்ணும் இல்ல. "இன்னும் கொஞ்சம் வைங்க", "போதும்", "அட சாப்பிடுங்க டீச்சர்", "போதும்"னு முழு டேப்பும் அதான். டீச்சரு அதையும் அழிக்கல. "இதுவும் பண்பாடுதான்"னு பத்திரமா வச்சிருக்காக.

இதெல்லாம் சும்மா பொழுதுபோக்குக்கு இல்ல. காலேஜுல அவுக ஒரு படிப்பு ஆரம்பிச்சிருந்தாக. அந்தப் படிப்போட பேரை பேத்தி சொல்லும்போதெல்லாம் பாதியிலயே எனக்குக் கொட்டாவி வந்துரும். விசயம் லேசுதான். அந்தக் காலேஜுக்கு வெளி தேசத்துப் பிள்ளைகளும் படிக்க வருதுக. அதுகளும் நம்ம பிள்ளைகளும் ஒண்ணா உக்காரணும். எங்க வீட்டுல கல்யாணத்துக்கு இப்பிடிப் பாடுவோம், எங்க வீட்டுல பிள்ளை பிறந்தா இப்பிடிச் செய்வோம்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லணும். சொன்னதையெல்லாம் அழியாம சேத்து வைக்கணும். என் பேத்தி அதுலதான் படிக்கா. பேத்தி கூட நேமான்னு ஒரு பிள்ளை, ஆப்பிரிக்காவுல தான்சானியான்னு ஒரு தேசத்துப் பிள்ளை. ஆஸ்டல்ல இருந்து தமிழ் படிச்சுக்கிட்டா. எங்க வீட்டுக்கு வந்தா "பாட்டி, கொஞ்சூண்டு ரசம்"ங்கிற அளவுக்குத் தமிழு.

டீச்சருக்கு எல்லாத்துலயும் உசுரு குலவைதான். பொம்பளைக கூடி நின்னு நாக்கைச் சுழட்டிக் குலவை போடுறதைக் கேட்டா அவுகளுக்குக் கண்ணுல தண்ணி வந்துரும். கல்யாண வீட்டுல அழுதது அதுக்குத்தான், செத்த வீட்டுக்குச் சிரிச்ச முகமா வந்ததும் அதைக் கேக்கத்தான். ஆனா ஆண்டவன் அவுகளுக்கு அந்த நாக்கைக் குடுக்கல. குலவை போட வாயைத் திறந்தாகன்னா, மழையில நனைஞ்ச மொபட்டை உதைக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், அப்பிடியே அணைஞ்சிரும். காலேஜு மொட்டை மாடியில தனியாப் போய்ப் பழகியிருக்காக. வாட்ச்மேன் குரங்கு வந்துருச்சுன்னு கம்பை எடுத்துக்கிட்டு ஏறிட்டாரு. டீச்சரு அவரைப் பாத்து, "நல்லவேளை வந்தீங்க, கேட்டுச் சொல்லுங்க, இப்ப பரவாயில்லையா?"ன்னு கேட்டிருக்காக. அந்த ஆளு கம்பைக் கீழ வச்சுட்டு உக்காந்து கேட்டாராம்.

சீனியம்மாகிட்டயும் பாடம் கேட்டாக. "டீச்சர், உங்க நாக்கு பாடம் நடத்துற நாக்கு, நேரா நேராத்தான் போகுது. அதைக் கொஞ்சம் லீவுல விடுங்க"ன்னு இவ சொல்லுவா. டீச்சரும் முயற்சி பண்ணுவாக. எங்க தெரு நாய் எந்திரிச்சு வேற தெருவுக்குப் போகும்.

இப்பிடிச் சிரிப்பும் பேச்சுமா போய்க்கிட்டு இருந்தப்பதான் ஒரு நா டீச்சரு வந்து எங்க வீட்டு வாசப்படியில உக்காந்தாக. டேப்பை வெளிய எடுக்கல. நான் காப்பி குடுத்தேன், ஆறுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தாக. என்னத்தா டீச்சரு ஒரு மாதிரி இருக்கீகன்னு கேட்டேன். அந்தப் படிப்பை மூடப் போறாகளாம். சேருற பிள்ளைக கம்மியாம். இதைப் படிச்சு என்ன வேலை கிடைக்கும்னு கேக்காகளாம். அந்த ரூமுல கம்ப்யூட்டர் வைக்கலாம்னு ஒரு பேச்சாம். மூடுறதா வேண்டாமான்னு பாக்க மெட்ராஸுலருந்து பெரியவுக இன்ஸ்பெக்சனுக்கு வாராகளாம். "ஊரு சனத்துக்கு இது வேணும்னு அவங்க கண்ணால பாக்கணும்மா. அம்புட்டுத்தான் நான் கேக்குறது. நீங்கள்லாம் வந்து ஹால்ல உக்காந்தாப் போதும்"னாக. சொல்லிட்டு ஆறுன காப்பியை ஒரே மடக்காக் குடிச்சிட்டுப் போயிட்டாக.

எங்களுக்குத் தீவாளிச் சீசன் முடிஞ்சு லீவு. சீனியம்மா வீடு வீடாப் போய்ச் சொன்னா. கம்பெனியில பேசி, எங்களை வேலைக்கு ஏத்திப் போற வேன் ரெண்டையும் கேட்டு வாங்கிட்டா. அம்புட்டுப் பேரும் கிளம்பியாச்சு. தலைக்குக் குளிச்சு, கனகாம்பரம் வச்சு, நல்ல நூல்சேலையாக் கட்டிக்கிட்டுப் போறோம். போற வழியெல்லாம் சீனியம்மா ஒரே பேச்சுத்தான். "வாறது இன்ஸ்பெக்சன். ஞாபகம் வச்சுக்கோங்க. நம்மளால டீச்சருக்கு ஒரு கெட்ட பேரு வந்துரக்கூடாது."

இங்கனதான் உங்களுக்கு ஒரு விசயம் சொல்லணும். பட்டாசுக் கம்பெனியில ஒரு ரூமுக்குள்ள நாலு பேருக்கு மேல இருக்கக்கூடாது. அது சட்டம். ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா போற உசுரு கம்மியா இருக்கட்டும்னு வச்ச சட்டம். அஞ்சாவதா ஒருத்தி தண்ணி குடுக்க உள்ள வந்தாக்கூட போர்மேன் சத்தம் போடுவாரு. அதுலயும் இன்ஸ்பெக்சன்னு சொல்லிட்டா முடிஞ்சுது, லைசென்ஸே போயிரும்னு எல்லாரும் பதறுவாக. சின்ன வயசுலருந்து அதுலயே ஊறுன காலுக எங்க காலுக.

மொத வேன் போய் நின்னுச்சு. கம்பெனிக்குள்ள போற மாதிரியே செல்போனை வேனுலயே வச்சோம். செருப்பைக் கழட்டுனோம். முன்னால இறங்குனது நானும் இன்னும் மூணு பேரும். நாங்க நாலு பேரும் ஹாலுக்குள்ள போனோம். அஞ்சாவது ஆளு வாசல்ல அப்பிடியே நின்னுட்டா. ஒருத்தரும் சொல்லல. அவளுக்குப் பின்னால வந்த அம்புட்டுப் பேரும் சத்தமில்லாம போய் வேப்ப மரத்தடியில வரிசையா உக்காந்துட்டாக. ரெண்டாவது வேன் வந்துச்சு, அதுலருந்து இறங்குனவுகளும் அங்கனயே.

உள்ள கல்யாண மண்டபம் கணக்கா ஹாலு. ஏசி. சேரு சேரா வரிசை. நாங்க நாலு பேரும் கதவு எங்கன இருக்குன்னு பாத்து, அதுக்குப் பக்கத்துலயே ஓடுறதுக்குத் தோதா நுனிச்சேர்ல உக்காந்தோம். ஏசிக்காகக் கண்ணாடிக் கதவைச் சாத்துனாக. அதுதான் எங்களுக்குக் கொஞ்சம் திக்குனு இருந்துச்சு. மத்தபடி ரூமுக்கு நாலு ஆளு, எல்லாம் சரியா இருக்குன்னு நான் திருப்தியா உக்காந்திருக்கேன். மேடையில இருந்த பெரியவுகளும் பிள்ளைகளும் எங்க கணக்குல வரல. இன்ஸ்பெக்சன் ஆளுகளை எவரு கணக்குல சேப்பாக.

மெட்ராஸ் அய்யா நல்ல வயசாளி. கோவக்காரரு இல்ல, தூக்கக்காரரு மாதிரி இருந்தாரு. நேமா மைக்கில இங்கிலீசுல ஏதோ பேசுனா. அவரு தலையாட்டுனாரு. ஹாலைப் பாத்தாரு. எங்க நாலு பேரையும் பாத்தாரு. திரும்ப ஹாலைப் பாத்தாரு.

"ஊர் மக்களுக்கு இதுல ரொம்ப ஈடுபாடுன்னு எழுதியிருந்தீங்களே டீச்சர். நாலு பேர்தான் வந்திருக்காங்க"ன்னாரு.

டீச்சரு மொகத்தை அப்பப் பாத்தேன். அவுக கண்ணு ஒவ்வொரு காலிச் சேரா போகுது. ரெண்டு வேன் வருதுன்னு சொல்லியிருந்தோம்ல. நாங்க அவுகளைப் பாத்து, ஒண்ணும் பயப்படாதீக, எல்லாம் சட்டப்படி இருக்குன்னு தலையாட்டுறோம். அவுகளுக்கு எப்பிடி வெளங்கும்.

அவுக மேடையை விட்டு இறங்கி, நடந்து வந்து, கண்ணாடிக் கதவைத் திறந்தாக. வெளிய மரத்தடி நிறைய சனம். ஒரு சத்தம் இல்ல. அம்புட்டுப் பேரும் கையைக் கட்டி உக்காந்து அவுகளையே பாக்காக.

"ஏன் சீனியம்மா யாரும் உள்ள வரல?"ன்னு கேட்டாக.

"உள்ளதான் நாலு பேரு இருக்காகளே டீச்சர். அஞ்சாவது ஆளு வந்தா இன்ஸ்பெக்சன்ல உங்களைப் பிடிச்சுருவாக. நீங்க தைரியமாப் போங்க, அது முடியிற மட்டும் நாங்க இங்கனயே காவல் இருக்கோம்"னு சீனியம்மா சொல்றா.

டீச்சரு கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்காக. ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. அழுறாகளா சிரிக்காகளான்னு தெரியல, ரெண்டும்தான்னு நினைக்கேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாக. அந்த மொபட்டுச் சத்தம் வந்துச்சு. சத்தியமாச் சொல்றேன், அந்த நேரத்துல அந்த மனுசி குலவை போட்டாக.

வழக்கம் போல பாதியிலயே அணைஞ்சிருச்சு. ஆனா ஒருத்தி குலவையை எடுத்துட்டா அதை அந்தரத்துல விடக்கூடாது, கூட இருக்கவுக வாங்கித் தூக்கணும். அது எங்க பக்கத்து முறை. சீனியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு எந்திரிச்சா பாருங்க. அவ எடுத்தா, மரத்தடியே எந்திரிச்சிருச்சு. உள்ள நாங்க நாலு பேரும் சேந்தோம். கண்ணாடியெல்லாம் அதிருது. மெட்ராஸ் அய்யா சேரைப் பிடிச்சுக்கிட்டாரு, தூக்கமெல்லாம் போயே போச்சு.

நாங்க மூச்சு வாங்க நிறுத்துறோம். உள்ளருந்து தனியா ஒரு குலவை வருது. நாங்க போட்டது இல்ல. எங்களதை விட உச்சியில, வெட்டி வெட்டி, குருவி கூட்டமா எந்திரிச்ச மாதிரி. திரும்பிப் பாத்தா நேமா. மைக்கைப் போட்டுட்டு வாயில கையைக் குவிச்சுக்கிட்டு ஓடி வாரா. எங்க குலவையை டேப்புல அவ கேட்டிருக்கா, ஆனா நேருல இப்பத்தான். அவ தேசத்துலயும் இது உண்டுன்னு எங்களுக்கு எவரு சொன்னா. சீனியம்மா பதிலுக்கு ஒண்ணு போட்டா. நேமா அதுக்கு ஒண்ணு. இப்பிடியே மாத்தி மாத்தி. காலேஜுல மத்த கிளாஸ்ல இருந்த பிள்ளைக அம்புட்டும் வராந்தாவுல வந்து நிக்குதுக.

மூச்சு நின்ன பிறகு சீனியம்மா நேமா கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டா, உங்க ஊருல இது எதுக்குத்தா போடுவீகன்னு. கல்யாணத்துக்கும், பிள்ளை பிறந்தாலும்னு நேமா சொன்னா. நாங்களும் முளைப்பாரி தூக்கயில, பானை பொங்கயில எல்லாம் போடுவோம், வயசாகி நிறைவாப் போறவுகளுக்கும் போடுவோம்னா இவ. நேமாவுக்கு அது ஆச்சரியம். செத்தா எதுக்குன்னு கேட்டா. நல்லா வாழ்ந்தவுகளைச் சும்மாவா அனுப்புறதுன்னு சீனியம்மா சொன்னதும், அந்தப் பிள்ளை தலையை ஆட்டுனா. பிறகு சொன்னா:

"எங்க ஊர்ல பொண்ணு பட்டம் வாங்கினாலும் போடுவாங்க. அம்மா, சித்தி எல்லாரும் வந்து போடுவாங்க."

சீனியம்மா என்னைப் பாத்தா. நான் அவளைப் பாத்தேன். "மதினி, நாம இதுக்குப் போட்டதே இல்லையே"ன்னா. எப்பிடிப் போட்டிருப்போம். எங்க தெருவுல எவ பட்டம் வாங்குனா, குலவை போடுறதுக்கு. என் பேத்திதான் மொத ஆளா வாங்கப் போறா. "சரித்தா, அதையும் எங்க கணக்குல சேத்துக்கிடுதோம். உங்கம்மா அம்புட்டுத் தூரத்துலருந்து வர முடியுமோ முடியாதோ, ஒனக்கும் நாங்களே போடுதோம்"னு சீனியம்மா சொன்னா. நேமா அவ கழுத்தைக் கட்டிக்கிட்டா. கனகாம்பரம் எல்லாம் நசுங்கிப் போச்சு.

இதுக்குள்ள மெட்ராஸ் அய்யா வெளிய வந்து மரத்தடியில உக்காந்துட்டாரு. அவருக்குன்னு தூக்கிட்டு வந்த சேரு ஒரு ஓரமா நிக்கி, மனுசன் தரையில. ஏன் உள்ள வரலைன்னு அவரும் கேட்டாரு. நாலு ஆளு சட்டத்தைச் சீனியம்மா எடுத்துச் சொன்னா. அவரு மரத்தடி சனத்தை ஒருக்கா எண்ணிப் பாத்தாரு. பிறகு டீச்சரைப் பாத்து, "கலாசார உரையாடல்னு நிறைய இடத்துல மேடை போட்டுப் பாத்திருக்கேன்மா. பதில் குரல் வந்து இன்னைக்குத்தான் கேட்டேன்"னாரு. பேத்திதான் எனக்கு அதுக்கு அர்த்தம் சொன்னா. எனக்கு அவரு மொகமே போதும்.

படிப்பை மூடல. டீச்சரே பஸ்ஸேறி வந்து சேதி சொன்னாக. வழியில எங்கனயோ கொட்டுச் சத்தம் கேட்டும் இறங்காம வந்தாகளாம், அதுலருந்தே சந்தோசம் எம்புட்டுன்னு பாத்துக்கோங்க. தெருவே கூடிருச்சு, குழாயடியிலருந்து கோயில் வரைக்கும் குலவைதான். கம்ப்யூட்டரை வேற ரூமுல வைக்கட்டும்னு சொல்லிட்டாகளாம். அதோட புதுசா ஒரு ஏற்பாடு. வாரத்துல ஒரு நா கிளாஸை எங்க ஊருலயே வைக்கணுமாம், எல்லா தேசத்துப் பிள்ளைகளும் இங்கன வரணுமாம். நாலு பேருக்கு மேல உக்காருற மாதிரி, எல்லாப் பக்கமும் கதவு இருக்க மாதிரி ஒரு இடம் பாருங்கன்னு அந்த அய்யாவே சிரிச்சுக்கிட்டுச் சொன்னாராம். டீச்சரு தங்குறதுக்கும் ஒரு இடம் வேணும். விருதுநகருக்கும் இங்கனைக்கும் அலையிற வயசா அவுகளுக்கு.

எங்க பக்கத்து வீட்டுக்காரக மகன் கூட இருக்கப் போறோம்னு திருப்பூருக்குப் போயிட்டாக. முன்னாடியும் பின்னாடியும் வாசல் வச்ச வீடு. நல்ல காத்து. வாடகைக்கு எவரு வந்து கேட்டாலும், ஆளு வாராகன்னு சொல்லிச் சாவியை நானே வாங்கி வச்சிருக்கேன். டீச்சருகிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல. நானும் சீனியம்மாளும் நேத்துத்தான் வெள்ளையடிச்சு முடிச்சோம்.